ஒற்றைக் கதிரைக்கு உரிமம்

எண்பது வயதை நெருங்கும் ஒரு மனிதருக்கு ஒரு பெட்டி பியர் விற்க எனக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. இரண்டு பெட்டியும் விற்கலாம். கேட்டால் பத்துப் பெட்டியை வான் வண்டியில் ஏற்றி அவருடைய வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வரலாம். அவர் கதவைச் சாத்தி, திரையை இழுத்து மூடிவிட்டு, விழும்வரை குடிக்கலாம். டென்மார்க் சட்டத்துக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அதே மனிதருக்கு என் கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, "இருந்து குடியுங்கோ" என்று சொன்னால் நான் சட்டத்தை மீறியவள்.

இதைச் சொன்னால் பலர் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

பிரெடெரிசியாவில் துறைமுகப் பக்கம் இறங்கும் தெருவொன்றில் என் கடை இருக்கிறது. அரிசி, மிளகாய்த்தூள், தேங்காய்ப்பால், உறைந்த மீன், கிழமைக்கு ஒருமுறை வரும் முருங்கைக்காய், கத்தரிக்காய். இவற்றை நம்பித்தான் கடை திறந்தேன். ஆனால் எங்கள் ஆட்கள் அரிசி மூட்டைக்கு ஜெர்மன் எல்லைக்குப் போகிறார்கள். அங்கே மலிவு. டேனிஷ்காரர் பியருக்கு அதே எல்லைக்குப் போகிறார்கள். ஒரே பாதை, ஒரே வாகன நெரிசல், காரின் பின்பெட்டியில் மட்டும் சாமான் வேறு. எல்லைக்குப் போக கார் இல்லாதவர்களும், போக நேரம் இல்லாதவர்களும்தான் எனக்கு மிச்சம். வேலை முடிந்து நடந்து வருகிற டேனிஷ்காரர் குளிர்ந்த பியர் கேட்டார்கள். கண்ணாடிக் கதவு போட்ட குளிர்பெட்டி ஒன்றை வாங்கி வைத்தேன். அந்தப் பெட்டிதான் இன்றுவரை கடை வாடகையைக் கட்டுகிறது.

நான் குடிப்பதில்லை. என் கணவரும் குடிப்பதில்லை. ஆனாலும் கோயிலில் எனக்கு விழுந்த பெயர் பியர்க்கடை அக்கா. ஒருத்தி பிரசாதத்தை வாயில் வைத்துக்கொண்டே கேட்டாள்:

"வெள்ளிக்கிழமையும் விக்கிறியளோ அக்கா?"

"வெள்ளிக்கிழமைதான் கூட விக்கிறது" என்றேன். "உங்கட மனுசனைக் கேளுங்கோ, சொல்லுவார்."

அவள் பிரசாதத்தை விழுங்கிக்கொண்டு அப்பால் போனாள்.

விற்பதற்கு இருக்கிற சட்டங்களைப் பற்றி எனக்குக் குறை இல்லை. பதினாறு வயதுக்குக் கீழே யாருக்கும் கொடுக்கக் கூடாது. கடுமையான பியர் என்றால் பதினெட்டு. சந்தேகம் வந்தால் அடையாள அட்டையைக் கேட்பேன். காட்டாவிட்டால் அழுதாலும் கொடுக்கமாட்டேன். அது நல்ல சட்டம். நோர்வேயில் இருக்கும் என் தங்கை வந்தபோது என் குளிர்பெட்டியைப் பார்த்து வாயைப் பிளந்தாள். அங்கே மாலையில் குறித்த நேரத்துக்குப் பிறகு கடைகளில் பியர் விற்க முடியாது. சற்றுக் கடுமையானது வேண்டுமென்றால் அரசாங்கத்தின் கடைக்குத்தான் போக வேண்டும். "இஞ்ச உங்களுக்குக் கேள்வி கேக்க ஆளே இல்லையோ அக்கா?" என்றாள். நானும் பெருமையாக, "இல்லை, இந்த நாடு மனிசரை நம்புற நாடு" என்றேன். அப்போது எனக்குத் தெரியாது, விற்பதை நம்புகிறார்கள், இருந்து குடிப்பதைத்தான் நம்பமாட்டார்கள் என்று.

முதலில் சொன்ன அந்த மனிதர் துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். என் கடைக்கு இரண்டு கட்டடம் தள்ளி, மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறார். மனைவி இறந்துவிட்டார். மகன் தூரத்தில், ஸ்கீவ என்ற ஊரில். கிறிஸ்மஸுக்கு வருவான், கோடையில் ஒருமுறை வருவான். முதல் நாள் வந்தபோது ஒரு போத்தல் வாங்கினார். காசைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். விரல்கள் மடங்கிப்போன கை. மூடியைத் திறக்க முடியவில்லை, கேட்கவும் வெட்கம். நான் வாங்கித் திறந்து கொடுத்தேன். வாசலில் சுவரில் சாய்ந்து நின்று குடித்தார்.

வயதான ஒரு மனிதர் வாசலில் நிற்கிறார். நான் உள்ளே சுழல்கதிரையில் இருக்கிறேன். இதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? எங்கள் வீடுகளில் கடன் கேட்டு வந்தவனுக்கும் முதலில் கதிரைதான் போடுவார்கள், பிறகுதான் இல்லை என்பார்கள். களஞ்சிய அறையில் இருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துக் கொண்டுபோய்ப் போட்டேன். வெறும் வயிற்றில் குடிக்கிறாரே என்று ஒரு தட்டில் கொஞ்சம் முறுக்கும் மிக்சரும் வைத்தேன். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதுக்கு எவ்வளவு?"

"இதுக்குக் காசு இல்லை. சாப்பிடுங்கோ."

"ஏன் காசு இல்லை?"

"சும்மா சாப்பிடுங்கோ."

டேனிஷில்தான் கதைத்தோம். எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன், அதுதான் எனக்கு வரும். அந்த மொழியில் எல்லோரும் எல்லோருக்கும் நீதான். எனக்கு மட்டும் அவரை நீ என்று நினைக்க மனம் வரவில்லை. அப்பு என்று கூப்பிடத் தொடங்கினேன். அர்த்தம் கேட்டார், எங்கள் ஊரில் அப்பாவையும் தாத்தாவையும் கூப்பிடுவது என்று சொன்னேன். "அப்படியென்றால் நான் உனக்குக் கட்டளை போடலாமா?" என்று கேட்டார். "போட்டுப் பாருங்கோ" என்றேன். அவர் என்னை முதலாளி என்று கூப்பிட்டார்.

அன்றிலிருந்து பின்னேரம் வருவார். இரண்டு போத்தல், ஒரு தட்டு. போகிற வருகிற ஆட்களோடு கதைப்பார். எங்கள் பெண்களுக்குப் பைகளைத் தூக்கி காருக்குள் வைக்க முயன்று என்னிடம் திட்டு வாங்குவார். மூன்றாவது போத்தல் கேட்டால் நான் கொடுக்கமாட்டேன்.

"கடை வச்சிருக்கிறது விக்கத்தானே முதலாளி?"

"உங்களுக்கு இல்லை. போதும். வீட்டை போய்ச் சாப்பிடுங்கோ."

"இந்த ஊரிலயே பியரைத் தரமாட்டன் எண்டு சொல்லுற பியர்க்கடை இது ஒண்டுதான்."

"வேற கடைக்குப் போங்கோ பாப்பம்."

போகமாட்டார். முணுமுணுத்துக்கொண்டு எழும்பி, கதிரையைத் தானே உள்ளே தூக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார். மழைக்காலத்தில் கதிரை உள்ளே, அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில். இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் போனது. ஒருவருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை.

பிறகு கடையைப் பரிசோதிக்க ஒரு அதிகாரி வந்தாள். சின்னப் பிள்ளை, என் மகளின் வயது இருக்கும். மீன் பெட்டியின் வெப்பநிலையைப் பார்த்தாள், திகதிகளைப் பார்த்தாள், நிலத்தைப் பார்த்தாள். எல்லாம் சரி என்றாள். வெளியே போகும்போது கதிரையைக் கண்டாள். கதிரையில் மனிதர். மனிதர் கையில் போத்தல். மடியில் முறுக்குத் தட்டு.

"இவர் யார்?"

"வாடிக்கையாளர்."

"இந்தப் பியர் இங்கே வாங்கினதா?"

"ஓம். வேற எங்க?"

"திறந்தது யார்?"

"நான்தான். அவருக்குக் கை ஏலாது."

அவள் முகம் மாறியது. கோபமாக இல்லை. பிழை விட்ட மாணவியைப் பார்க்கும் ஆசிரியையின் முகம். எனக்கு அந்த முகத்தைக் கண்டாலே பற்றி எரியும்.

"இது விற்பனை இல்லை, பரிமாறல்" என்றாள். "போத்தலை மூடியோடு விற்றால் நீங்கள் மளிகைக் கடை. திறந்து கொடுத்து, கதிரை போட்டு, சாப்பாடும் வைத்தால் நீங்கள் உணவகம். அதற்கு மது பரிமாறும் உரிமம் வேண்டும். உங்களிடம் இருக்கிறதா?"

"ஒரு கதிரைக்கா?"

"எத்தனை கதிரை என்பது விஷயம் இல்லை."

"பிள்ளை, அது வியாபாரத்துக்குப் போட்ட கதிரை இல்லை. வயசானவர் நிக்கிறார் எண்டு போட்டது."

"எனக்கு விளங்குகிறது" என்றாள். விளங்குகிறது என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். இந்த நாட்டில் உங்களுக்குக் கெடுதல் செய்யும்போதெல்லாம் முதலில் விளங்குகிறது என்றுதான் சொல்வார்கள்.

அப்பு கதிரையில் இருந்தபடியே கேட்டார்: "நான் எழும்பி நின்றால் இது மளிகைக் கடை ஆகிவிடுமா?"

"இங்கே நின்று குடித்தாலும் சரியில்லை" என்றாள் அவள்.

"எங்கே போய்க் குடிக்க வேண்டும்?"

"வீட்டில் குடிக்கலாம்" என்றாள், மிகவும் அன்பாக.

அந்த அன்புதான் எனக்குத் தாங்க முடியவில்லை. அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்பது அவளுடைய வேலை இல்லை. திரும்பி வருவேன், அப்போதும் இப்படி இருந்தால் தண்டம் வரும், பொலிசுக்கும் அறிவிக்க வேண்டி வரும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று வீட்டில் சாப்பாட்டு மேசையில் நான் கத்தினேன். என் கணவர் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர், சட்டம் என்றால் உடனே பணிந்துபோகும் மனிதர்.

"நீர் ஏன் அதுக்குள்ள தலையைக் குடுக்கிறீர்? கதிரையைத் தூக்கி உள்ள வையும். முடிஞ்சுது கதை."

"அந்த மனிசன் எங்க போறது?"

"அவருக்கு வீடு இருக்குத்தானே."

"நீங்களும் அவளை மாதிரியே கதைக்கிறியள்."

மகள் கொம்யூன், அதாவது நகரசபை, அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறாள். நான் தமிழில் கேட்டால் அவள் டேனிஷில்தான் பதில் சொல்வாள். கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்றாள். கொம்யூன் தீர்மானிக்கும், பொலிசிடம் கருத்துக் கேட்பார்கள், வாடிக்கையாளருக்குக் கழிவறை வேண்டும்.

"எங்கட கழிவறை இருக்குத்தானே?"

"அது அரிசி மூட்டைக்குப் பின்னால இருக்கு அம்மா." அதை மட்டும் தமிழில் சொன்னாள், என்னைக் கிண்டல் பண்ணுவதென்றால் அவளுக்குத் தமிழ் வரும்.

விடுவதில்லை என்று கொம்யூனுக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நல்ல மனிதர். கோப்பி வேண்டுமா என்று கேட்டார். என்ன மாதிரியான இடம் என்று கேட்டார்.

"மளிகைக் கடை."

"உணவகமாக மாற்றப் போகிறீர்களா?"

"இல்லை. மளிகைக் கடையாகவே இருக்கும்."

"எத்தனை இருக்கைகள்?"

"ஒன்று."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒன்றா?"

"ஓம். வருவது ஒருவர்தான்."

சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்தேன். பிறகு உண்மையாகவே பொறுமையாக விளக்கினார். இப்படி ஒரு வகையே இல்லை. கடைக்குள் பரிமாற வேண்டுமென்றால் தனியான இடம், சமையல் வசதி, கழிவறை, பொறுப்பாளர், எல்லாம் வேண்டும். குடிப்பதற்கு மட்டும் என்றால் அந்தத் தெருவில் ஏற்கனவே போதிய இடங்கள் இருக்கின்றன என்று சொல்லி மறுக்கவும் கூடும்.

"அவர் அங்கே போகலாமே" என்றார்.

"அங்க ஒரு பியரின்ர விலைக்கு என்ர கடையில நாலு வாங்கலாம். அவர் ஓய்வூதியக்காரர்."

"அது எங்கள் கையில் இல்லை."

"எது உங்கட கையில இருக்கு?" என்று கேட்டேன். அவருக்கு முகம் சிவந்தது. அவர் மீது பாய்ந்தது நியாயமில்லை என்று தெரியும். ஆனாலும் அந்தக் கட்டடத்தில் அன்று என் முன்னால் இருந்தது அவர்தான்.

கதிரையை உள்ளே எடுத்து வைத்தேன். அப்புவிடம் சொன்னேன். "உனக்குப் பிரச்சினை வரக் கூடாது முதலாளி" என்றார். அவ்வளவுதான். மூடி திறக்காத இரண்டு போத்தலைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

சில நாள் அப்படி வந்தார். பிறகு தினமும் வருவது நின்றது. கிழமைக்கு ஒருமுறை சில்லு வைத்த பையை இழுத்துக்கொண்டு வந்து பெட்டியாக வாங்கத் தொடங்கினார். மேலே ஏறுவது கஷ்டம், ஒரேயடியாக வாங்கினால் நல்லது என்றார். வீட்டில் திறப்பதற்கு மேசை விளிம்பில் வைத்து அடிப்பதாகச் சொன்னார். உள்ளங்கையில் வெட்டுக் காயம். வெற்றுப் போத்தல்களைத் திருப்பிக் கொடுக்க வருவார் இல்லையா, போத்தலுக்கென்று விலையோடு கட்டிய காசைத் திரும்ப எடுக்க? அந்தப் பை ஒவ்வொரு கிழமையும் பாரம் கூடிக்கொண்டே வந்தது. முகச்சவரம் இல்லை. காலையிலேயே மணத்தது. மூன்றாவது போத்தலை மறுப்பதற்கு அந்த வீட்டில் யாரும் இல்லை. பெட்டியை நானே விற்றேன். சட்டப்படி, மூடியோடு, பற்றுச்சீட்டும் கொடுத்து விற்றேன். அப்படி விற்றபோது என்னை யாரும் கேள்வி கேட்கவில்லை. கேள்வி வந்தது, அவர் குறைவாகக் குடித்த காலத்தில்தான்.

சட்டம் எதற்கு என்று எனக்குச் சொல்லித் தருவார்கள். சத்தம், சண்டை, தெருவில் குடிகாரர், வரி ஏய்க்கும் கள்ள மதுக்கடைகள். எல்லாம் தெரியும். யாழ்ப்பாணத்தில் கள்ளச்சாராயம் விற்ற வீட்டுக்கு இரண்டு வேலி தள்ளி வளர்ந்தவள் நான். சட்டமே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு கதிரையையும் ஒரு மதுக்கடையையும் வேறுபடுத்திப் பார்க்க ஒரு மனிதருக்குக் கண் போதும். அந்தக் கண்ணைப் பாவிக்கத்தான் யாருக்கும் அனுமதி இல்லை.

அந்தப் பிள்ளை சொன்னபடி திரும்பி வந்தாள். வாசலைப் பார்த்தாள், உள்ளே பார்த்தாள். கதிரை அரிசி மூட்டைக்கு மேல் கவிழ்ந்து கிடந்தது.

"நன்றாக இருக்கிறது" என்றாள்.

"எனக்கு ஒண்டு விளங்கேல்லை" என்றேன். "அந்தக் கதிரையில ஒருவர் வந்து இருக்கலாமா?"

"தாராளமாக. கதிரை போடத் தடை இல்லை."

"வேற கடையில வாங்கின பியரை, தானே கொண்டுவந்து, அதில இருந்து குடிச்சால்?"

அவள் கையில் இருந்த படிவத்தைப் புரட்டினாள்.

"நான் விக்கேல்லை" என்றேன். "நான் ஒண்டும் பரிமாறவும் இல்லை. என்ர வாசலில ஒருவர் இருக்கிறார். அவ்வளவுதான். அதுக்கு எந்த உரிமம்?"

"அது... நான் கேட்டுச் சொல்ல வேண்டும்" என்றாள்.

"கேட்டுச் சொல்லுங்கோ. அதுவரைக்கும்?"

அவள் கதிரையைப் பார்த்தாள். எழுதவில்லை. முதல் தடவையாக எழுதாமல் நின்றாள். "அதுவரைக்கும் நான் ஒன்றும் காணவில்லை" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்குள்ளும் ஒரு மனுசி இருந்தாள் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதற்காக என் கோபம் குறைந்துவிடவில்லை.

அன்று பின்னேரமே கடையை மகளிடம் விட்டுவிட்டு மூன்றாம் மாடி ஏறினேன். கதவு திறக்க நேரம் எடுத்தது. உள்ளே இருந்து பழைய பியர் மணமும், பூட்டிக் கிடந்த அறையின் மணமும் சேர்ந்து வந்தன. உள்ளங்கையில் கட்டுப் போட்டிருந்தார்.

"அப்பு, இனிமேல் உங்களுக்கு நான் பியர் விக்கமாட்டன்" என்றேன்.

அவருடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அடி வாங்கினவர் மாதிரி.

"நான் காசு குடுக்காமல் விட்டேனா?"

"இல்லை. எதிரில இருக்கிற பெரிய கடையில வாங்குங்கோ. ரெண்டு மட்டும். வாங்கிக்கொண்டு என்ர வாசலுக்கு வாங்கோ. கதிரை இருக்கு."

கட்டுப் போட்ட கையால் கதவைப் பிடித்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "நீ பியர் விற்கிற கடை. நான் எதிர்க்கடையில் வாங்கி, உன்னுடைய கடையில் இருந்து குடிக்க வேண்டும். இதுதானா சட்டம்?"

"இதுதான் சட்டம்."

"இந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். எனக்கு வெட்கமாக இருக்கிறது" என்றார்.

"வெட்கப்பட்டது போதும். முகத்தை வழிச்சுக்கொண்டு வாங்கோ. இந்தக் கோலத்தில என்ர வாசலில இருக்க விடமாட்டன்."

அடுத்த நாள் வந்தார். முகம் மழித்து, துவைத்த சேட்டுப் போட்டு, எதிர்க்கடைப் பையில் இரண்டு போத்தலோடு. கதிரையைப் போட்டேன். என் குளிர்பெட்டி நிறையப் பியர் இருக்க, அவர் அந்தச் சூடான போத்தலைத் தூக்கி என்னிடம் நீட்டினார். நான் விற்காத போத்தலைத் திறந்து கொடுத்தால் அது பரிமாறலா? தெரியாது. திறந்தேன். தட்டும் வைத்தேன். இரண்டு முடிந்ததும் பை வெறுமையாக இருந்தது. மூன்றாவது வேண்டுமென்றால் தெருவைக் கடந்து போக வேண்டும். தெருவையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"போங்கோ பாப்பம்" என்றேன்.

போகவில்லை.

எனக்கு நட்டம்தான். முன்பு எனக்கு வந்த அவருடைய காசு இப்போது பெரிய கடைக்குப் போகிறது. அங்கே ஒருவரும் அவருடைய முகத்தை நிமிர்ந்து பார்ப்பதுகூட இல்லை, அவரே போத்தலைக் காசு கட்டும் இயந்திரத்தில் காட்டிவிட்டு வெளியே வருகிறார். அந்தக் கடைக்கு எந்த அதிகாரியும் வந்து, இவர் எங்கே இருந்து குடிக்கிறார் என்று கேட்கப் போவதில்லை. என் கணவர் கணக்குப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "எதிரிக்கு வியாபாரம் பிடிச்சுக் குடுக்கிற முதலாளி உலகத்தில நீர் ஒருத்திதான்" என்றார். சரி. இருக்கட்டும்.

கோயிலில் கேட்டவளே போன கிழமை கத்தரிக்காய் வாங்க வந்தாள். வாசலில் அவரைத் தாண்டி உள்ளே வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"ஏன் அக்கா, வாசலில குடிகாரனை இருத்தி வச்சிருக்கிறியள்? அதுவும் எதிர்க்கடைப் பியரோட?"

"குடிகாரன் வீட்டில கதவைச் சாத்திக்கொண்டு குடிக்கிறவன்" என்றேன். "இவர் இஞ்ச இருக்கிறவர். உங்களுக்கு என்ன வேணும், கத்தரிக்காயோ?"

நிறுத்துக் கொடுத்தேன். அந்த அதிகாரி இன்னும் பதில் சொல்லவில்லை. பதில் வந்து, இதுவும் கூடாது என்றால், நான் பியர் விற்பதையே நிறுத்துவேன், பியர் விற்காத கடையின் கதிரைக்கு உரிமம் கேட்க முடியாதே. கடை வாடகைக்கு என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. அதை அந்த நேரம் யோசிப்பேன். அவரை மட்டும் அந்த மூன்றாம் மாடிக்குத் தனியாகக் குடிக்க அனுப்பமாட்டேன்.